போயிட்டு வர்ற தூரம்

பூனசந்திரத்தில் பாகலூர் ரோட்டைத் தனியாகக் கடக்கிற ஆள் கிடையாது. நாலைந்து பேர் சேருகிறவரை ஓரமாக நின்று, சேர்ந்ததும் ஒரே கூட்டமாக இறங்கிவிடுவார்கள். ஒருவரைக் கண்டால் நிற்காத வண்டி கூட்டத்தைக் கண்டால் நிற்கும் என்பது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. ஊர் ரோட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூரைப் பாலிஹவுஸ்களும் பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் மேற்கே. வாயை ஒரு பக்கமும் வயிற்றை ஒரு பக்கமும் வைத்து ஊர் கட்டிய மகராசர்கள் யாரோ தெரியவில்லை. ரோடு இவ்வளவு பெரிதாகும் என்று அவர்கள் சோசியமா பார்த்தார்கள், பாவம்.

போன ஐப்பசியில் ஒருநாள் சென்னம்மாள் ஆள் சேரும்வரை நிற்கவில்லை. பூ ஏற்றும் வேன் கிளம்பிவிடும் என்ற அவசரம். ஒரு பைக் அவளை இடுப்பில் தட்டிவிட்டுப் போய்விட்டது. இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தாள். எழுந்த பிறகும் இடது காலை இழுத்துத்தான் வைக்கிறாள். ஆனாலும் ரோஜா பறிக்கப் போவதை மட்டும் விடவில்லை. புருஷன் நாராயணப்பன் திட்டிப் பார்த்தார். மகள் பிரவீனா அழுது பார்த்தாள்.

"வேற என்னா பண்ணச் சொல்ற? பூவு ரோட்டத் தாண்டி இந்தப் பக்கம் வந்து பூக்குமா?" என்று கேட்டுவிட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவள் திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும்வரை பிரவீனாவுக்குச் சோறு இறங்காது.

ரோடு இப்படி ஆனதற்கு ஊரார் ஒரே காரணம்தான் சொல்வார்கள்: லேஅவுட். ஊரைத் தாண்டியதும் தொள்ளாயிரம் வீடுகளோடு அது எழும்பி ஆறேழு வருஷமாகிறது. உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே கேட். கேட்டை விட்டு ஓசூருக்கோ பெங்களூருக்கோ திரும்புகிற எந்த வண்டியும் பூனசந்திரத்து வாசலை மிதித்துத்தான் போக வேண்டும். இது போதாதென்று, அதே கம்பெனி அதன் பின்னாலேயே இன்னும் நாலாயிரம் வீடு கட்ட அனுமதி கேட்டிருந்தது.

அனுமதி கொடுக்கும் கமிட்டி ஒரு நிபந்தனை போட்டது. இப்போது இருக்கிற வீடுகளால் ரோட்டில் எவ்வளவு ஓட்டம் கூடியிருக்கிறது என்று முதலில் அளந்து வாருங்கள். வீட்டுக்குச் சராசரியாக ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டினால், பூனசந்திரத்து முனையில் சுரங்கப்பாதை போட்டாக வேண்டும். தாண்டாவிட்டால் ஒரு வேகத்தடையும் மஞ்சள் போர்டும் போதும். அளக்கும் வேலை ஓசூரில் குருமூர்த்தி நடத்தும் சின்ன ஆபீசுக்கு வந்தது. அங்கேதான் பிரவீனாவுக்கு வேலை.

"உங்க ஊரு மேட்டரும்மா. வேற யாரையாவது விடலாமான்னு பாக்கறேன்," என்றார் குருமூர்த்தி முதலில். வேறு யார் இருக்கிறார்கள்? இருந்த இன்னொரு இன்ஜினீயர் கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போயிருந்தான். ஆக வேலை அவள் தலையில் விழுந்தது. விழ வேண்டும் என்று அவள் மனசுக்குள் வேண்டிக்கொண்டதும் உண்மை.

கரண்டுக்கு மீட்டர் உண்டு. தண்ணீருக்கும் வைத்துவிட்டார்கள். ஒரு வீடு எத்தனை கிலோமீட்டர் ரோட்டைக் குடிக்கிறது என்று காட்ட மட்டும் மீட்டர் கிடையாது. ஜனங்களைத்தான் கேட்க வேண்டும். ஜனங்களைக் கேட்பது எவ்வளவு பெரிய வித்தை என்பது முதல் நாள் காலையிலேயே பிரவீனாவுக்குத் தெரிந்துபோயிற்று.

லேஅவுட் கேட்டில் நின்று முதலில் வந்த ஸ்கூட்டரை மறித்தாள். "சார், சர்வே எடுக்கறோம். எங்க போறீங்க?"

அந்த மனிதர் ஹெல்மெட்டைக் கழற்றி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்ச பொண்ணாட்டம் இருக்கற. கெளம்பறப்பவே எங்க போறன்னு கேட்டா போற காரியம் வெளங்குமா?" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார். உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்து, சகுனத்தைச் சரிசெய்துகொண்டு மறுபடி வந்தார். இரண்டாம் முறை அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போக்குவரத்தை அளக்க வந்தவள் முதல் கேள்வியிலேயே போக்குவரத்தைக் கூட்டிவிட்டாள்.

இது தெரியாதவளா அவள்? கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது, "தூரமா?" என்றுதான் கேட்க வேண்டும் என்று பால் பல் விழும் முன்பே அடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வேலை மும்முரத்தில் மறந்துபோனது. உடனே, கணக்கெடுக்க உதவிக்கு வந்த உள்ளூர்ப் பிள்ளைகளிடமும் "தூரமா" என்றே கேட்கச் சொன்னாள். கேட்டார்கள். எல்லோரும் முகம் மலர்ந்து ஒரே பதிலைச் சொன்னார்கள்: "இல்லீங்க, இங்கதான்." அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறவரும் இங்கதான். காரில் பாட்டி முதல் பேரன் வரை அடைத்துக்கொண்டு திருப்பதிக்குப் போன குடும்பத் தலைவரும், "பக்கந்தாங்க" என்றார். அன்று சாயங்காலம் கணக்குப் பார்த்தால் லேஅவுட்டே இடத்தை விட்டு நகராதது போல இருந்தது.

அதனால் கேட்டை விட்டுவிட்டு வீடு வீடாகப் போனார்கள். கிளம்பும்போது கேட்டால்தானே சகுனம்? சாயங்காலம் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்போது, நேற்று எத்தனை வாட்டி வெளியே போனீங்க, எந்த இடம், எந்த வண்டி என்று கேட்டால் யார் கோபிக்கப் போகிறார்கள்? சொன்னார்கள். சில வீடுகளில் காப்பியும் கொடுத்தார்கள். சொன்னதையெல்லாம் போனில் தட்டித் தட்டிக் கணக்கில் ஏற்றினார்கள். இதோடு, சொல்வதைச் சரிபார்க்க கேட்டுக்குக் குறுக்கே ரோட்டில் ஒரு ரப்பர் குழாயையும் பதித்திருந்தார்கள். வண்டிச் சக்கரம் ஏறியதும் குழாயில் காற்று அழுந்தும். ஓரத்தில் கட்டிய பெட்டி அதை எண்ணிக்கொள்ளும்.

மூன்று வாரம் கழித்து எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது கணக்கு உதைத்தது. ஜனங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் வீட்டுக்கு இருபத்திரண்டரை கிலோமீட்டர். ரப்பர் குழாயோ, அவர்கள் சொன்னதைப் போல இரண்டு மடங்கு வண்டி போய் வந்ததாகச் சொன்னது. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. அளந்து வைத்தாற்போல இரண்டு மடங்கு.

குருமூர்த்தி சிரித்தார். "இதுக்கா முகத்த தொங்கப் போட்ட? ஒரு வண்டிக்கு முன்னால ஒரு அச்சு, பின்னால ஒரு அச்சு. ரெண்டு வாட்டி குழாய்ல ஏறும். பெட்டியில ரெண்டால வகுக்கற செட்டிங் போடாம விட்டிருப்பீங்க. குழாய் நம்பரப் பாதியாக்கு, ரெண்டும் ஒத்துப் போயிரும். வெள்ளிக்கெழம ரிப்போர்ட் கொடுத்துரலாம்."

அவர் சொன்னதில் பிசகு ஒன்றும் தெரியவில்லை. அனுபவசாலி. ஆனால் அந்தப் பாதியில் சுரங்கப்பாதை போய்விடும். வேகத்தடையும் மஞ்சள் போர்டும்தான் மிஞ்சும். அம்மா தினம் காலை அந்த மஞ்சள் போர்டின் அடியில் ஆள் சேரக் காத்து நிற்பது பிரவீனாவின் கண்ணில் வந்து நின்றது.

மறுநாள் அவள் கேட் எதிரே இருந்த டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, பகல் முழுக்க கையாலேயே எண்ணினாள். போகிற வண்டி, வருகிற வண்டி ஒன்றையும் விடவில்லை. பொழுது சாய்ந்ததும் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பெட்டி சரியாக இருந்தது. அச்சை எல்லாம் ஒழுங்காக வகுத்து, வண்டி வண்டியாகத்தான் எண்ணியிருந்தது. அப்படியானால் பாதியாகிப் போனது ஜனங்கள் சொன்ன கணக்குதான்.

"ஜனங்க பொய் சொல்றாங்கன்றியா?" என்றார் குருமூர்த்தி.

"பொய் சொன்னா ஒருத்தர் கூட்டிச் சொல்லுவாங்க, ஒருத்தர் கொறச்சுச் சொல்லுவாங்க சார். தமிழ் வீடு, கன்னட வீடு, தெலுங்கு வீடு, எல்லாரும் கூடிப் பேசிக்கினு கரெக்டா பாதிப் பொய் எப்பிடி சார் சொல்லுவாங்க?"

அவர் பேனாவை மூடி வைத்தார். குரலில் சிரிப்பு போய்விட்டிருந்தது. "பிரவீனா, நீ பூனசந்திரம். உங்கம்மா அந்த ரோட்டுல விழுந்தது பில்டர் ஆளுங்களுக்கும் தெரியும். நம்பரு ரெண்டு மடங்காச்சுன்னு நீ போயி நின்னா, காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சும்பாங்க. ஏன் பாதியாச்சுன்னு காரணம் சொல்லு, நான் உன் கூட நிக்கறேன். காரணம் இல்லன்னா பாதிதான் போகும்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. திட்டவும் முடியவில்லை.

அன்று சாயங்காலமே ஜோதிமணி வீட்டுக்குப் போனாள். ஜோதிமணி சிப்காட்டில் மொபைல் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். புருஷன் வெங்கட்டுக்கு எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. லேஅவுட்டின் கடைசித் தெருவில் வாடகைக்கு இருந்தார்கள். சர்வேயில் முதல் நாளே காப்பி கொடுத்த வீடு அதுதான்.

"ஜோதி, மறுபடியும் அதே கேள்விதான், கோவிச்சுக்காத. நேத்து உங்க வீட்டுக்காரரு எத்தனை வாட்டி வெளிய போனாரு?"

"ஒரு வாட்டிதாங்க்கா. கம்பெனிக்கு."

"நீ?"

"நானும் ஒன்னுதான். கம்பெனி பஸ்ஸு தெருவுக்குள்ள வராது, கேட்டு வரைக்கும் வரும். அதுல போனேன்."

பிரவீனா தலையைப் பிடித்துக்கொண்டாள். இதையேதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஒன்று. ஒன்று. ஒன்று. இதில் எங்கே ஒளிந்திருக்கிறது அந்த இன்னொரு பாதி?

உள்ளிருந்து வெங்கட் வந்தான். அன்றைக்கு அவனுக்கு சாயங்கால ஷிஃப்ட். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பிரவீனாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, "ஜோதி, போயிட்டு வரேன்," என்று வண்டியைக் கிளப்பினான்.

பிரவீனா அந்தப் பைக் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "ஜோதி, இப்ப போறாரு இல்ல, இது ஒன்னு. ஷிஃப்ட் முடிஞ்சு வருவாரு இல்ல, அது இன்னொன்னு. அப்ப ரெண்டு ஆச்சா இல்லியா?"

ஜோதிமணியின் முகம் மாறிப்போனது. காப்பி தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"அக்கா, வெளக்கு வெக்கற நேரத்துல என்னா பேச்சுக்கா இது? போறதத் தனியா பிரிச்சு எண்ணுவாங்களா யாராவது? தனியா போறதுன்னா அது ஒன்னே ஒன்னுதான், அது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? போயிட்டு வர்றதுதாங்க்கா ஒன்னு. வந்து வாசப்படி ஏறினாத்தான் ஒன்னு முடியும்." பேசிவிட்டு, சொன்னதற்குப் பரிகாரம்போல சாமி படத்தின் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பிரவீனாவுக்குப் புரிந்துவிட்டது. பொய்யும் இல்லை, மறதியும் இல்லை. எங்கள் ஜனங்கள் "போகிறேன்" என்று வாய் தவறிக்கூடச் சொல்லமாட்டார்கள். கடைக்குப் போனாலும் போயிட்டு வரேன், காசிக்குப் போனாலும் போயிட்டு வரேன். போவதையும் வருவதையும் ஒரே முடிச்சாகப் போட்டு வாயிலேயே வைத்திருக்கிறார்கள். படித்த அளவைக்காரர்கள் அந்த முடிச்சை அவிழ்த்து இரண்டாக்கி எண்ணுகிறார்கள். ஜனங்களோ அவிழ்க்க மறுத்து ஒன்று என்கிறார்கள். கேட்டவர்களும் இதே ஊர்ப் பிள்ளைகள் ஆனதால், ஒன்று என்றதும் தலையாட்டி ஒன்று என்றே தட்டிவிட்டார்கள். அதில் ஒருத்தருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. மேலே நின்று வேலை வாங்கிய அவளுக்கே வரவில்லையே.

அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள். கன்னடம் பேசும் கெம்பம்மா வந்தார். "வீட்டை விட்டுக் கெளம்பறப்ப என்னன்னு சொல்லிட்டுக் கெளம்புவீங்க?" என்று கேட்டாள். கெம்பம்மா இதென்ன கேள்வி என்பதுபோல், "ஹோகி பர்த்தீனி அந்தாத்தான்," என்றார். போய் வருகிறேன். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் சரசம்மா கேட்டதும் சிரித்துவிட்டு, "போயொஸ்தா," என்றார். அதுவும் போய் வருகிறேன்தான். கடைப் பெயர்ப்பலகைக்கும் ஆற்றுத் தண்ணீருக்கும் சண்டை போட்டுக்கொள்கிற பாஷைகள், இந்த ஒரு விஷயத்தில் என்றைக்கோ கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டிருந்தன. அதனால்தான் எந்த வீட்டில் கேட்டாலும் அளந்து வைத்தாற்போல பாதி.

தெருமுனைப் பிள்ளையார் கோயில் படியில் உட்கார்ந்து போனில் கணக்குப் போட்டாள். வீட்டுக்கு இருபத்திரண்டரை இல்லை, நாற்பத்தைந்து. தொள்ளாயிரம் வீட்டால் பெருக்கினாள். நாற்பதாயிரத்துச் சொச்சம் வந்தது. அந்த எண்ணை எங்கேயோ பார்த்த ஞாபகம். எங்கே என்று யோசித்தாள். பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகம். பூமியின் சுற்றளவு.

அவளுக்குச் சற்று நேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை. மாவு பாக்கெட் வாங்கப் போகிறவர், மகளை டியூஷனில் விடப் போகிறவர், ஷிஃப்ட்டுக்கு ஓடுகிறவர், எல்லோருமாகச் சேர்ந்து தினம் ஒருமுறை பூமியைச் சுற்றி வந்து ராத்திரி தோசை சுட்டுத் தின்கிறார்கள். அவர்களுக்கே இது தெரியாது. யாரைக் கேட்டாலும் இங்கதான் என்கிறார்கள். ஜனங்கள் சொன்ன பாதிக் கணக்கில் அவர்கள் பூமியின் அந்தப் பக்கம் வரைதான் போயிருந்தார்கள். திரும்பி வந்த பாதியை அவர்கள் எண்ணவே இல்லை. வராமல் போகலாம் என்பது அவர்கள் யோசனையிலேயே இல்லாததால் எண்ணவில்லை. பிரவீனாவுக்குக் கண் கலங்கியது. எதற்கென்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. சந்தோஷமும் பயமும் மலைப்பும் ஒன்றாக வந்தால் அழுகை தவிர வேறு என்ன செய்யும் மனுஷ உடம்பு.

குருமூர்த்தியிடம் சொன்னபோது அவர் ரிப்போர்ட்டில் எழுதி வைத்திருந்த இருபத்திரண்டரையை அடித்தார். பிறகு, "முப்பது வருஷமா இந்த வேல பாக்கறேம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு, கிருஷ்ணகிரிக்குக் கார் சொன்னார்.

கமிட்டிக் கூட்டம் கிருஷ்ணகிரியில். தலைமை வகித்த பெண் அதிகாரி தெற்கத்திச் சீமைக்காரர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வைத்துக்கொண்டு ரிப்போர்ட்டைப் புரட்டினார். எதிரே பில்டரின் இன்ஜினீயர் பிரகாஷ். அவனும் ஓசூர்ப் பையன்தான். தன் வேலையைச் செய்ய வந்திருந்தான்.

"மேடம், ஜனங்க சொன்னது இருபத்திரண்டரை. இவங்க ரெண்டால பெருக்கி நாப்பத்தஞ்சுங்கறாங்க," என்று எழுந்தான் பிரகாஷ். கொஞ்சம் தயங்கி, "சொல்லக் கூடாதுதான். இவங்களும் அதே ஊரு. இவங்கம்மா அந்த ரோட்டுலதான் அடிபட்டாங்க. சுரங்கப்பாதை வந்தா இவங்களுக்குத்தான்..." என்று இழுத்தான்.

அறையில் எல்லோரும் பிரவீனாவைப் பார்த்தார்கள். அவளுக்குக் காது சுட்டது. குருமூர்த்தி எழப் போனார். அவள் கையமர்த்திவிட்டுத் தானே எழுந்தாள்.

"ஆமாங்க மேடம். எங்கம்மாதான். இன்னும் காலை இழுத்துத்தான் நடக்கறாங்க. எனக்கு அந்தச் சுரங்கப்பாதை வேணும், இல்லேங்கல. அதனால என்னை நம்ப வேணாம். இங்க இருக்கறவங்களையே கேளுங்க. நேத்து எத்தனை வாட்டி வெளிய போனீங்கன்னு மட்டும் கேளுங்க."

அதிகாரிக்கு இது பிடித்துவிட்டது போலிருக்கிறது. மேஜையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கேட்டார். "ஒன்னு மேடம், ஆபீசுக்கு." "ஒன்னுதாங்க, காவேரிப்பட்டினம் வரைக்கும்." "ரெண்டு மேடம். ஆபீசு ஒன்னு, சாயங்காலம் மார்க்கெட்டு ஒன்னு." டீ கொண்டுவந்தவரையும் விடவில்லை. அவரும் ஒன்று என்றார். கடைசியில் பிரகாஷின் முறை வந்தது. அவன் புத்திசாலி. என்ன நடக்கிறது என்று அவனுக்கு அதற்குள் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தான், மூடினான். ஒன்று என்றால் அவள் கட்சி ஜெயிக்கும். போக ஒன்று வர ஒன்று என்று இரண்டு சொன்னாலும் அவள் கட்சிதான் ஜெயிக்கும்.

"பெங்களூரு ஒரு வாட்டி போயிட்டு வந்தேன் மேடம்," என்றான்.

அறை சிரிப்பில் குலுங்கியது. நல்ல வேளையாக அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஆமாங்க மேடம், வண்டி மீட்டரு ரெண்டு பக்கமும்தான் ஓடியிருக்கு. எங்க வீட்ல கேட்டாலும் ஒன்னுன்னுதான் சொல்லுவாங்க," என்று உட்கார்ந்துவிட்டான்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "மொத்தமா எவ்வளவும்மா வருது?"

"ஒரு நாளைக்கு நாப்பதாயிரம் கிலோமீட்டர் மேடம். பூமியோட சுத்தளவு."

அதிகாரி ரிப்போர்ட்டை மறுபடி புரட்டி அந்த எண்ணைத் தேடினார்.

"தெனமுமா?"

"ஞாயித்துக்கெழம கொஞ்சம் கொறையும் மேடம்."

"இன்னும் நாலாயிரம் வீடு வந்துச்சுன்னா?"

"அது தனியா நாலரை சுத்து."

அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பினார். மதுரைக்குப் பக்கத்தில் எங்கேயோ அவருக்கும் ஒரு வாசற்படி இருக்கும் போலிருக்கிறது. "அத்தன வண்டியும் அந்த ஒத்த ரோட்டு வழியாத்தேன் வீடு திரும்பணும், என்ன?" என்றார். பிரவீனா தலையசைத்தாள். அவர் பேனாவை எடுத்துத் தன் கையாலேயே ரிப்போர்ட்டின் மேல் எழுதினார். சுரங்கப்பாதை முடிந்து ஜனம் நடக்க ஆரம்பித்த பிறகுதான் புது வீடு ஒன்றுக்கும் சாவி கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு.

ஓசூரில் குருமூர்த்தியிடம் சொல்லிக்கொண்டு, பிரவீனா பாகலூர் டவுன் பஸ்ஸைப் பிடித்தாள். பூனசந்திரத்தில் அவள் இறங்கியபோது பொழுது சாய்ந்து விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. பஸ் நிற்பது மேற்குப் பக்கம். பாலிஹவுஸ் வேலை முடிந்து வந்த பெண்கள் ரோட்டோரம் நின்றிருந்தார்கள். நடுவில் சென்னம்மாள், இடது காலின் பாரத்தை வலது காலில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"போன காரியம் என்னாச்சு கண்ணு?"

"சுரங்கப்பாதைக்கு ஆர்டர் போட்டுட்டாங்கம்மா."

பெண்கள் கூவியே விட்டார்கள். ஒருத்தி பிரவீனாவின் கன்னத்தைத் தடவி நெற்றியில் நெட்டி முறித்தாள். சென்னம்மாள் மட்டும் நிதானமாகக் கேட்டாள். "எப்ப முடியும்?"

"ரெண்டு வருசம் ஆகும்மா."

"அது வரைக்கும்?"

பூமியை அளந்து வந்தவளிடம் இதற்கு ஒரு கணக்கும் இல்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ரோஜா முள் கீறிய, சொரசொரப்பான கை. எல்லோருமாக ரோட்டில் இறங்கினார்கள். முன்னால் வந்த பைக் நின்றது, அதன் பின்னால் ஒரு கார், ஒரு கம்பெனி பஸ், இன்னொரு கார் என்று ஒவ்வொன்றாக நின்றன. பின்னால் எங்கேயோ ஒருத்தன் ஹாரன் அடித்தான். முன்னால் நின்றவன் திரும்பி அவனை ஒரு அதட்டுப் போட்டான்.

நடு ரோட்டில் சென்னம்மாள் நின்றுவிட்டாள். இத்தனை நாளும் குனிந்த தலையோடு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தவள், அன்றைக்குத்தான் தலையைத் திருப்பி ரோட்டைப் பார்த்தாள். ஓசூர்ப் பக்கமிருந்து விளக்குகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை, மேட்டில் ஏறி, வளைவில் திரும்பி, அதற்கு அப்பாலும் இருந்தன.

"ஆத்தாடி! இத்தனை சனமா? இத்தனை பேரும் எங்க கண்ணு போறாங்க?"

பிரவீனா அம்மாவின் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

"போகலம்மா," என்றாள். "வர்றாங்க."